கான்கிரீட் மூடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுக்காரர் கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டார், எக்ஸ்ட்ரா வேலைக்கான பணத்தை மட்டும் தர மறுக்கிறார், கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் அந்த வேலையை யார் சொல்லிச் செய்தீர்கள், என்ன ரேட் பேசினீர்கள், எப்போது அளந்தீர்கள் என்று வக்கீல் கேட்பார். மூன்றுக்கும் காகிதம் இருக்கிறதா?

நம் தொழிலில் பணம் சிக்குவது பெரும்பாலும் எக்ஸ்ட்ராவில்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி ஆரம்பிக்கிறோம். பேஸ்மட்டம், லின்டல், ரூஃப் என்று தவணையும் ஒழுங்காக வருகிறது. நடுவில் மண் சரியில்லை என்று 5 அடி அஸ்திவாரம் 8 அடியாகிறது. வீட்டம்மா பூஜை அறையைத் தள்ளிக் கட்டச் சொல்கிறார். துபாயில் இருக்கும் மகன் இன்னொரு பாத்ரூம் கேட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். ரேட் பேசி முடிக்கும் வரை ஆளை நிறுத்திவைக்க முடியாது, சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். செய்துவிடுகிறோம்.

இதில் மிக மோசமானது மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் போய்விடும் வேலை. அஸ்திவாரத்தின் ஆழம், கட்டிய கம்பி, புதைத்த குழாய். கூடுதலாகக் கட்டிய பாத்ரூமை நீதிமன்றம் அனுப்பும் கமிஷனர் வந்து பார்த்து எழுதிக்கொள்வார். 8 அடி தோண்டியதை எதை வைத்துச் சொல்வார்? அதனால் மூடுவதற்கு முந்தின நாள் டேப்பைப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். என்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன ரேட் என்று அரைப் பக்கம் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பட்ஜெட் கைமீறிப் போனதை அவர்களும் கடைசி பில்லில்தான் முதல்முறை பார்க்கிறார்கள். அந்த அரைப் பக்கம் அவர்களுக்கும் நல்லது.

நாளைக்கு அரசு வேலை எடுத்தால் இதே இடத்தில் எம்-புக் என்ற அளவுப் புத்தகம் இருக்கும். அதில் ஏறாத அளவுக்குப் பில் கிடையாது. அளவு குறைவாக எழுதியிருந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள், ஆட்சேபத்தை அன்றைக்கே கடிதமாகக் கொடுங்கள். ஃபைனல் பில்லோடு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கேட்டாலும் அப்படித்தான். நெருக்கடியில் எழுதிக் கொடுத்தேன் என்று பிறகு வாதாட வழி உண்டு. நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

முறையான ஒப்பந்தம் இல்லாமலே ஜெயித்த வழக்கும் இருக்கிறது. 1944-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டம் ஆரம்பாக்கில், பி.கே. மண்டல் என்ற நிறுவனம் அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி சிவில் சப்ளைஸ் துறைக்கு மண்சாலை, காவலர் அறை, சமையலறை எல்லாம் கட்டிக் கொடுத்தது. சட்டப்படியான ஒப்பந்தம் இல்லை என்று அரசு கையை விரித்தது. இலவசமாகச் செய்யாத வேலையை ஏற்றுக்கொண்டு பலன் அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70. அதன்படி உச்ச நீதிமன்றம் கான்ட்ராக்டர் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்தது 1961 டிசம்பரில். 17 வருஷம் தாக்குப்பிடிக்கிற முதல் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

காலக்கெடுவைச் சொல்லிவிடுகிறேன். பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பாக்கி உண்டென்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். போனில் ‘பொங்கல் கழியட்டும்’ என்பது எதையும் நீட்டாது. முகத்தாட்சண்யம் பார்த்தே கெடுவைத் தாண்டவிட்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

செக் கொடுத்துத் திரும்பினால், வங்கி மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். சிறு தொழிலாகப் பதிந்திருந்தால் 45 நாளுக்குள் பணம், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் 3 மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிந்து வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்த உயர் நீதிமன்றங்கள் உண்டு.

இப்போதைக்கு உங்கள் போனை மாற்றாதீர்கள். அந்த மகனின் வாட்ஸ்அப் செய்தி சாட்சியாக நிற்கும், உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். கம்பிக் கடை பில், மேஸ்திரியின் சம்பள நோட்டு, கிரகப்பிரவேசப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். வேலை எப்போது முடிந்தது என்பதற்கு அந்தப் பத்திரிகையின் தேதி உதவும். பிறகு எக்ஸ்ட்ராவை மட்டும் தனி பில்லாக்கி, இருவருக்கும் பொதுவான ஒரு இன்ஜினியரை வைத்து அளக்கலாம் என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அளந்தபின் நாலில் மூன்று பங்கு தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வக்கீல் நோட்டீஸ் அதற்குப் பிறகு.

அடுத்த வேலைக்கு அக்ரிமென்ட் எழுதும்போது நகலை எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடும் முன்பே.

அன்புடன்,
உங்கள் அண்ணன்