பழைய பைத்தானா? புதிய பைத்தானா?



கணினிக்கு வேலை சொல்ல நாம் எழுதும் கட்டளைகளுக்கு நிரல் என்று பெயர். நிரல் எழுத சி, ஜாவா, பைத்தான் என்று பல மொழிகள் உள்ளன. ஒரு மொழியில் எழுதிப் பழகியவர்கள் வேறு மொழிக்கு எப்போது மாறுவார்கள்? "புதுசு நல்லா இருந்தா உடனே மாறிட வேண்டியதுதானே!" என்று என் வகுப்பில் பலர் சொன்னார்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. பைத்தானின் கதையைக் கேளுங்கள்.

ஒரே பெயர், இரண்டு மொழி

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். 1991-ல் வெளியிட்டார். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. பெயர்தான் ஒன்று. பைத்தான் 2-ல் எழுதிய பல நிரல்கள் இதில் ஓடாது. அதனால் நிரலர்களுக்கு இது வேறு மொழிக்குப் போகிற மாதிரிதான்.

என்ன மாறியது?

1. திரையில் காட்டச் சொல்லும் 'பிரிண்ட்' கட்டளைக்கு முன்பு அடைப்புக்குறி தேவை இல்லை. இப்போது கட்டாயம் வேண்டும்.

2. 7/2 என்று கொடுத்தால் பைத்தான் 2 சொல்லும் விடை 3. பைத்தான் 3 சொல்லும் விடை 3.5.

3. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2, தனிக் குறி எதுவும் போடாதபோது, பொதுவாக 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணவில்லை, எழுத்தைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணியது. பைத்தான் 3-ல் நானே கணினி அறையில் போட்டுப் பார்த்தேன். 5 என்று வந்தது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. நம் கணக்கில் மூன்று எழுத்துதான். ஆனாலும் 15-க்கு 5 எவ்வளவோ மேல்! ஆங்கிலம் அல்லாத மொழிக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் உடனே மாறவில்லை?

முதல் காரணம், எழுதி வைத்த நிரல்கள். ஒரு நிறுவனத்தில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிறதைத் தொட யாருக்கும் பயம்தான்.

இரண்டாவது, ஒரு நிரல் பிறர் எழுதிய பல தொகுப்புகளை நம்பி இருக்கும். அதில் ஒன்று மாறாவிட்டாலும் நாம் மாற முடியாது. எல்லாரும் "நீ முதல்ல போ" என்று காத்திருந்தார்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. அடைப்புக்குறி இல்லாவிட்டால் கணினி பிழை என்று கத்தும், திருத்திவிடலாம். ஆனால் 7/2 கத்தாது. சத்தமே இல்லாமல் விடை மாறிவிடும். பழைய நிரலை மாற்றித் தர ஒரு கருவியும் இருந்தது. ஆனால் எழுதியவர் மனதில் 3 இருந்ததா, 3.5 இருந்ததா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எப்படி மாறினார்கள்?

பைத்தான் 2-க்கான பராமரிப்பு 2015-ல் முடியும் என்று முதலில் சொன்னார்கள். பலர் மாறாததால் 2020 வரை நீட்டித்தார்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அது முடிந்தது. அதாவது புதியது வந்து 11 ஆண்டுகள்!

இன்ஸ்டாகிராம் நிறுவனம் 2017-ல் மாறி முடித்தது. வேலையை நிறுத்தி வைத்துவிட்டு மாறவில்லை. ஒரே நிரல் இரண்டிலும் ஓடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, சோதித்து, பிறகு பழையதை விட்டார்கள். இப்படி இரண்டிலும் ஓட உதவிய ஒரு தொகுப்பின் பெயர் 'சிக்ஸ்', அதாவது ஆறு. ஏன் தெரியுமா? 2 × 3 = 6!

மாறாமலே இருந்தால்?

அதுவும் சும்மா இல்லை. கோபால் என்று ஒரு மொழி 1959-ல் வடிவமைக்கத் தொடங்கியது. (நம்ம ஊர் கோபால் அண்ணன் இல்லை!) 2020 ஏப்ரலில் கொரோனா சமயம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை இழந்தவர்கள் உதவித்தொகைக்குக் குவிந்தார்கள். கணினி அமைப்போ பல பத்தாண்டு பழையது. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று ஆளுநரே கேட்க வேண்டி வந்தது. மொழி கெட்டுப்போகவில்லை, தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

ஆகவே "எது நல்ல மொழி?" என்று மட்டும் கேட்டால் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய நிரலை யார் திருத்துவது, திருத்தியது சரியா என்று எப்படிச் சோதிப்பது, பத்து வருஷம் கழித்து இதைப் படிக்க யார் இருப்பார்கள் என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் மாறலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

கவனிக்க: பழைய பைத்தான் புத்தகம் கிடைத்து, அதில் உள்ளபடி தட்டியும் பிழை வந்தால் "எனக்கு கம்ப்யூட்டர் வராது" என்று எழுந்து போய்விடாதீர்கள். அது பைத்தான் 2 புத்தகமா என்று முதலில் பாருங்கள்.

செய்து பாருங்கள்: பைத்தான் 3-ல் 7/2, 7//2 இரண்டையும் போட்டுப் பாருங்கள். 7 மிட்டாயை 2 பேருக்குப் பிரிக்க எது சரி? 7 மீட்டர் துணியைப் பிரிக்க எது சரி? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி