வாய் குறைத்துச் சொன்னாலும் உடல் குறித்துக்கொள்ளும்

“குடிப்பழக்கம் உண்டா?” என்று அறுவை சிகிச்சைக்கு முன் கேட்கிறோம். “எப்போதாவது, விசேஷம் என்றால் மட்டும்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். உடன் வந்தவர் தலையைக் குனிந்துகொள்வார். புகைபிடிப்பதை ஒப்புக்கொள்பவர்கூடக் குடியின் அளவைக் குறைத்தே சொல்வதுண்டு. ஆயினும் இவ்விரு பழக்கங்களும் ரத்தத்தில் தடம் பதிக்கின்றன.

உடலின் செயல்களுக்கான குறிப்புகள் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ளன. ‘க’ என்னும் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் ‘க்’ என ஒலி அடங்குகிறது அல்லவா? அதுபோலவே, மெத்தில் என்னும் சிறிய வேதிக்குறி டி.என்.ஏ.வின் மேல் அமரும்போது, பல இடங்களில் மரபணுவின் செயல் அடங்குகிறது. எழுத்து மாறுவதில்லை, அது ஒலிக்கும் விதமே மாறுகிறது. இதனை மேல்மரபியல் மாற்றம் என்கிறோம்.

புகைபிடிப்போரின் ரத்த அணுக்களில், ஏ.எச்.ஆர்.ஆர். என்னும் மரபணுவின் ஒரு பகுதியில் இக்குறிகள் குறைகின்றன. மிகுதியாகக் குடிப்போருக்கு வேறு பல இடங்களில் மாற்றம் நிகழ்கிறது. 13,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, மிகைக்குடியை அடையாளம் காண உதவும் 144 இடங்களைத் தெரிவுசெய்தது. இது பெரும்பாலும் ஆய்வுக்குரிய சோதனையே. அன்றாடச் சிகிச்சையில் நாங்கள் நம்பியிருப்பது உங்கள் சொல்லைத்தான்.

புகைபிடிப்பவர் குடியின் அளவை மறைப்பது ஏன் ஆபத்தானது? மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. புகையிலுள்ள நச்சுகள் வாய், தொண்டை ஆகியவற்றின் உட்சவ்வுக்குள் எளிதில் ஊடுருவவும் மது வழிசெய்கிறது. ஆகவே, இரண்டும் சேரும்போது வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களின் அபாயம் கூட்டல் கணக்காக அன்றிப் பெருக்கல் கணக்காகவே உயர்கிறது.

உடனடி ஆபத்தும் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவருக்கு மருத்துவமனையில் மது கிடைக்காதபோது, முதல் சில நாட்களிலேயே கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றலாம். அறுவை சிகிச்சை முடிந்த நிலையில் இது உயிருக்கே கேடாகலாம். முன்பே தெரிந்தால், உரிய மருந்துகளையும் தயாமின் வைட்டமினையும் கொடுத்து இதனைப் பெரும்பாலும் தவிர்க்க இயலும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உள்ளது. புகைப்பதை நிறுத்தியோரிடம், ஏ.எச்.ஆர்.ஆர். மரபணுவில் குறைந்த குறிகள் மெல்ல மெல்ல மீள்கின்றன. நெடுங்காலம் புகைத்தவருக்கு முழுமையாக மீளாமல் போகலாம். ஆனால் திரும்பும் திசை நன்மையின் திசையே. குடியை நிறுத்தியோரிடமும் சில குறிகள் மாறுகின்றன.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்த வேண்டாம். மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. புகையிலையைக் கைவிட 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாகக் குடித்தது எப்போது என்னும் மூன்றையும் எங்களிடம் சொல்லுங்கள். நோயாளியின் முன் சொல்லத் தயங்கினால், தனியே வந்து சொல்லுங்கள். குற்றம் காண்பதற்காக நாங்கள் கேட்பதில்லை. எந்த மருந்தை எப்போது தொடங்குவது என்று முடிவு செய்யவே கேட்கிறோம்.