கப்பல் ஏறிய பிறகு திறக்கும் பர்ஸ்

அன்புள்ள மருமகளே,

போனஸ் வந்ததும் அப்பா, அம்மா, தம்பி, பாட்டி நால்வரையும் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதியிருந்தாய். விளம்பரத்தில் பார்த்த தொகையை ஐந்தால் பெருக்கி, 'முடியும்போலத்தான் இருக்கிறது மாமா' என்று கணக்கும் போட்டிருந்தாய். ஆசையில் குறை இல்லை, கணக்கில்தான் கொஞ்சம் குறை. விளம்பரத் தொகை பொய்யல்ல. ஆனால் கப்பல் கம்பெனி அதை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. எதை நம்பிப் பிழைக்கிறது என்று தெரிந்தால் எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

உலகிலேயே பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனம் அமெரிக்காவின் கார்னிவல். 1972 மார்ச்சில் அதன் முதல் கப்பல் 'மார்டி கிரா' மயாமியிலிருந்து கிளம்பியது. துறைமுக வாயைத் தாண்டியதுமே மணலில் தட்டி நின்றுவிட்டது. தொடக்கமே அப்படி. பழைய கப்பல், கையிருப்பு குறைந்த கம்பெனி. ஆடம்பரக் கப்பல்களோடு போட்டி போட முடியாது என்பதால் வேறு வழி பிடித்தார்கள். டிக்கெட்டை மலிவாக்கினார்கள், ஊர்களைக் காட்டுவதைவிடக் கப்பலையே திருவிழாவாக்கினார்கள். ஏறியவர்கள் பாரிலும் சூதாட்டக் கூடத்திலும் கடைகளிலும் செலவு செய்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அதே சூத்திரம்தான் ஓடுகிறது. 2023-இல் கார்னிவல் குழுமத்தின் மொத்த வருவாய் ஏறத்தாழ 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட் வருமானம் சுமார் 1,407 கோடி. மீதி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலே, கப்பலுக்குள் நடக்கும் வியாபாரத்திலும் அது போன்ற இதர இனங்களிலும் வந்தது.

சிக்கனமாகப் போகிறவர்கள் இந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் குறிவைக்க வேண்டும். டிக்கெட்டில் பேரம் பேசி நூறு இருநூறு குறைப்பதை எல்லோரும் செய்வார்கள். ஏறிய பிறகு பர்ஸைத் திறக்காமல் இருப்பது சிலருக்குத்தான் கைவருகிறது. அவர்களும் மற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் அனுபவித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

நம் சென்னைக்கு வரும் கப்பலையே எடுத்துக்கொள்வோம். கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' பிரான்ஸில் சென்-நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. மயாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணம் போவதற்கென்றே வடிவமைத்த கப்பல் அது. பெயரும் உரிமையாளரும் மாறி மாறி, 2021-இல் இந்தியாவுக்கு வந்தது. ஏறத்தாழ 210 மீட்டர் நீளம். இன்றைய ராட்சதக் கப்பல்களோடு வைத்துப் பார்த்தால் சின்னதுதான். முதல் தடவை போகிற குடும்பத்துக்கு அதுவே வசதி: பாட்டி வழி தவறமாட்டார், தம்பி எந்தத் தளத்தில் இருந்தாலும் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது கப்பல் மும்பையை விட்டுக் கிழக்குக் கரைக்கு வருகிறது. ஆகவே சென்னைப் பயணங்கள் பெரும்பாலும் ஜூனிலிருந்து சில மாதங்கள்தான். கரையை விட்டு வெறுமனே கடலுக்குள் போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணமும் உண்டு. 2023 ஜூனில் தொடங்கிய ஐந்து இரவு இலங்கைப் பயணமும் உண்டு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தொட்டு வரும் தடம் அது. எந்த ஆண்டில் எந்தத் தடம் என்பது மாறும். வார நாளில் கிளம்பும் பயணம் வெள்ளி, சனியில் கிளம்புவதைவிட மலிவாகக் கிடைப்பது வழக்கம். காலி அறையோடு கிளம்பினாலும் கப்பலுக்கு எண்ணெய் செலவு அதேதான் என்பதால், நிரம்பாத நாட்களில் விலையை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இனி அறை. இங்கேதான் பெரிய தொகை மிச்சமாகும்.

கப்பல் அறையில் கட்டணம் இரண்டு பேரை வைத்தே கணக்கிடப்படுகிறது. முதல் இருவருக்கு முழுக் கட்டணம். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் படுத்தால் அவர்களுக்குக் குறைவு. ஆனால் ஒருவர் தனி அறை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பேருக்கான தொகையைக் கட்ட வேண்டும். நீங்கள் ஐந்து பேர். 'நாங்கள் நால்வர் ஓர் அறை, பாட்டிக்கு வசதியாகத் தனி அறை' என்று பதிவு செய்தால் நான்கு முழுக் கட்டணமும் இரண்டு குறைந்த கட்டணமும் ஆகிவிடும். மூன்றும் இரண்டுமாகப் பிரித்தால் நான்கு முழு, ஒரே ஒரு குறைந்த கட்டணம். அத்தானும், அதாவது உன் அப்பாவும், தம்பியும் ஓர் அறையில் இருக்கட்டும். என் அக்காவான உன் அம்மா, பாட்டி, நீ மூவரும் இன்னோர் அறை. சுவரிலிருந்து மடித்து இறக்கும் மேல் படுக்கையில் நீ ஏறிப் படுத்துக்கொள்; பாட்டியிடம் அந்த ஏணியைக் காட்டாதே.

சன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைந்தது. அதைச் சொன்னதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கப்பலின் ஆட்டம் எங்கே குறைவு என்று மாலுமிகளைக் கேட்டால் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் என்பார்கள். முனைகளும் மேல்தளங்களும்தான் அதிகம் தூக்கிப் போடும். பால்கனி வைத்த விலை உயர்ந்த அறைகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு மலிவான கீழ் உள்ளறையே நல்ல அறை. வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டால்தான் நல்ல பலன். பாட்டிக்கு ரத்த அழுத்த மாத்திரை ஓடுகிறதென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடு. ஊரிலேயே வாங்கிப் போய்விடு. கப்பல் மருத்துவரைப் பார்க்கத் தனிக் கட்டணம், அதுவும் லேசான தொகை இல்லை.

கடலைப் பார்க்க பால்கனி வேண்டுமா என்ன? விடிகாலை ஐந்தரை மணிக்குத் திறந்த மேல்தளத்துக்கு வந்து பார். ஈரத் தரையைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்கும் ஊழியர், மப்ளர் சுற்றிய இரண்டு பெரியவர்கள், காகிதக் கோப்பையில் டீ. அவ்வளவுதான் கூட்டம். வங்கக் கடலில் சூரியன் எழும்போது சூட் அறைக்காரருக்கும் உள்ளறைக்காரருக்கும் ஒரே கைப்பிடிக் கம்பிதான்.

டிக்கெட்டிலேயே அடங்கியவை நிறைய. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, நீச்சல் குளம், மாலை ஆட்டம்பாட்டம், சிறுவர்களுக்கான விளையாட்டு எல்லாம் அதில் சேர்த்தி. சைவம், ஜைன உணவு வரைக்கும் இந்தியக் கப்பலில் கவனித்துப் போடுகிறார்கள். தனிக்காசு கேட்பவை: பார், சில சிறப்பு உணவகங்கள், ஸ்பா, வைஃபை, புகைப்படம், சூதாட்டம், கரையில் சுற்றுலா. இந்த இரண்டு பட்டியலையும் ஏறும் முன்பே குடும்பத்துக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும். முக்கியமாகத் தம்பிக்கு.

ஏனென்றால் கப்பலுக்குள் பணம் கண்ணில் படாது. அறைச் சாவியாகத் தரும் அட்டையே பர்ஸ். எதை வாங்கினாலும் அட்டையை நீட்டினால் போதும், கணக்கில் ஏறிவிடும். கடைசி இரவில்தான் அந்தக் கணக்கு காகிதமாக வெளியே வருகிறது. வரவேற்பு மேசைக்கு முன்னால் அந்த நேரத்தில் நிற்கும் வரிசையைப் பார்க்க வேண்டும்: மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓர் அப்பா வரி வரியாக விரலை ஓட்டுவார், 'இந்த மாக்டெயிலை யார் குடித்தது?' என்பார், பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. சிறுவர்களின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி நிறுத்திவைக்க முதல் நாளே வரவேற்பில் கேட்கலாம். தினமும் இரவில் கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம். தவறாக ஏறிய வரியை அன்றைக்கே சொன்னால் நீக்குவதும் சுலபம்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏறும் வாசலிலேயே கேமராவோடு நிற்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், எடுப்பதற்குக் காசில்லை. அச்சிட்டுப் பலகையில் மாட்டுவார்கள், வாங்கினால்தான் காசு. ஐந்து பேரும் சேர்ந்திருக்கும் ஒரே ஒரு படத்தை வாங்குவது நியாயமான செலவு என்பது என் கட்சி. வீட்டில் எல்லோரும் இருக்கும் படம் எப்போதும் இருப்பதில்லை, ஒருவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

கைப்பேசியைக் கரை மறையும் முன்பே ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிடச் சொல். ரோமிங் திறந்திருந்தால் நடுக்கடலில் அது தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அப்போது வாட்ஸ்அப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலே பில் எகிறும். இரண்டு நாள் குடும்பக் குழுவில் 'குட் மார்னிங்' போடாவிட்டால் உலகம் நின்றுவிடாது என்று அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்.

விளம்பரத் தொகையின் மேல் வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஆகியவை ஏறும். ஆகவே பணம் கட்டும் கடைசித் திரையில் தெரியும் தொகைதான் நிஜத் தொகை. ஒப்பிடுவதானால் அதை வைத்து ஒப்பிடு. ரத்து விதியையும் படி. பயணத் தேதி நெருங்க நெருங்கத் திரும்பிவரும் பணம் தேய்ந்துகொண்டே போகும். காற்று, மழை காரணமாகக் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிடவும் செய்யலாம். பொதுவாக இந்த மாதிரி ஒப்பந்தங்களில் அதற்கு இழப்பீடு கிடையாது.

இலங்கைத் தடத்தைத் தேர்ந்தெடுத்தால் கரைச் செலவு வேறு கதை. மூன்று துறைமுகத்துக்கும் மூன்று விதமாக நடந்துகொள்ள வேண்டும். திருகோணமலையில் கோணேசர் கோயில் ஊருக்குள்ளேயே, பிரடெரிக் கோட்டைக்குள் கடலுக்கு நேரே நிற்கும் பாறைமேல் இருக்கிறது. 1622-இல் போர்த்துகீசியர் இடித்த பழைய கோயிலின் இடம் அது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் திரியும். இதற்குக் கப்பல்காரர்களின் சுற்றுலாப் பேருந்து தேவையில்லை, ஆட்டோ போதும். நீ பேசும் தமிழே பேரத்துக்கும் உதவும். காங்கேசன்துறையில் இறங்கினால் சில கிலோமீட்டரில் கீரிமலை. கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றுக் கேணி, பக்கத்தில் நகுலேசுவரம். ஈழத்துப் பஞ்ச ஈசுவரங்களில் இரண்டைப் பார்த்தாயிற்று என்று பாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். நேரம் இருந்தால் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசாமி கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதை அத்தானுக்கு முன்கூட்டியே சொல்லிவை.

அம்பாந்தோட்டையில் யாலா, பூந்தல காட்டுப் பகுதிகள்தான் ஈர்ப்பு. ஜீப், நுழைவுச்சீட்டு என்று அங்கே செலவு கூடும். பணம் இடித்தால் இறங்காமல் இருந்துவிடுங்கள். எல்லோரும் இறங்கிப் போன பகலில் நீச்சல் குளம் ஏறத்தாழ உங்களுக்கே சொந்தம், சாப்பாட்டுக்கு வரிசை இல்லை. பழக்கப்பட்ட பயணிகள் இதை வேண்டுமென்றே செய்வார்கள்.

சொந்தமாகக் கரைக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். ஆட்டோவில் போனவர்களுக்காகக் காத்திருக்காது. திரும்ப வேண்டிய நேரம் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்னதாகவே இருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவது மாதிரி திட்டமிடு. கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்துக்கொள்.

இத்தனையும் கூட்டிப் பார்த்து கை எட்டவில்லை என்றால் வருத்தப்படாதே. சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிகள் கப்பல்கள் போகின்றன. போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம், போய்ச்சேர மூன்று நாள் அளவு ஆகும். பங்க் வகுப்புக் கட்டணம் விமானக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் அங்கே நீச்சல் குளமோ மேடை நிகழ்ச்சியோ எதிர்பார்க்காதே. சாப்பாடு கேன்டீனில், கழிப்பறை பொது. உனக்கும் தம்பிக்கும் அது பிடித்துப்போகும். பாட்டியையும் கூட்டிக்கொண்டு பங்க் வகுப்பில் போவதை நான் ஒப்ப மாட்டேன். அவருக்கு இரண்டு இரவுப் பயணம்தான் சரி.

அந்த இரண்டு இரவுப் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும். இலங்கை என்றால் ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களுக்குச் சாதாரண விண்ணப்பக் கட்டணமே தலைக்கு 1,500 ரூபாய் அளவில் வரும். இந்தத் தொகை உன் கணக்கில் இல்லவே இல்லை. இலங்கை நுழைவு அனுமதி விதிகளும் அடிக்கடி மாறுகின்றன, பதிவு செய்யும் வாரத்தில் பார்த்துக்கொள். அதற்கெல்லாம் முன்னால் பாட்டியின் ஆதாரை எடுத்துப் பார். அதில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறொரு பெயர். முதலில் அதைத் திருத்தக் கொடு, டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா