எதைக் காணாமல் போரிடுவது: கடற்போர்க் கணினி விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

கடற்போரைக் கணினியில் ஆட விரும்புவோர் கப்பல்களின் தோற்றத்தையும் வெடிப்புக் காட்சிகளின் பகட்டையும் பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருப்பினும், பரந்த கடலில் எதிரியை முதலில் கண்டவர் யார் என்ற கேள்வியே போரின் போக்கைப் பலமுறை தீர்மானித்துள்ளது என்பதால், ஒரு விளையாட்டு எதை மறைக்கிறது, மறைத்ததை அறிவதற்கு எத்தகைய வழிகளைத் தருகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்வது பொருந்தும். போர்ச்சூழல் எனப்படுவது, தொடங்கும் நாள், இடம், இரு தரப்புப் படைகள், அடைய வேண்டிய இலக்கு ஆகியவற்றை முன்கூட்டியே வரையறுத்துத் தரும் ஒரு தனி ஆட்டம். ஒரே போர்ச்சூழல் வெவ்வேறு விளையாட்டுகளில் வெவ்வேறு அறியாமைகளை ஆடுபவர்மீது சுமத்துகிறது.

இதற்குத் தெளிவான சான்று ஃபாக்லாந்துப் போரில் கிடைக்கிறது. 1982 மே 4 அன்று அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எடென்டார் விமானங்கள் கடல்மட்டத்தை ஒட்டிப் பறந்து வந்து, சிறிது நேரம் மேலெழுந்து ராடாரால் தேடி, எக்சோசெட் ஏவுகணைகளைச் செலுத்தின. அந்த ராடார் அலைகளைக் கிளாஸ்கோ என்னும் பிரிட்டிஷ் கப்பல் உணர்ந்து எச்சரித்தபோதிலும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஷெஃபீல்டு நாசகாரிக் கப்பலால் அவற்றை உணர இயலாமற்போக, தாக்குதலில் 20 பேர் உயிரிழந்தனர். புவியின் வளைவு ராடாருக்கும் எல்லை வகுக்கிறது: 25 மீட்டர் உயரத்தில் உள்ள ராடார் 3 மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணையை ஏறத்தாழ 28 கிலோமீட்டரில்தான் காண முடியும், ஏவுகணை நொடிக்கு 300 மீட்டர் விரைந்தால், எஞ்சும் அவகாசம் ஒன்றரை நிமிடமே. ராடாரை இயக்கினால் எதிரியைக் காணலாம், ஆனால் அதே அலைகளைக் கொண்டு எதிரியும் கப்பலின் இருப்பை நெடுந்தொலைவிலிருந்தே அறிந்துகொள்வான். இந்த இக்கட்டை ஒரு விளையாட்டு எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறது என்பதைக் கொண்டே ஏவுகணைக் காலத்து விளையாட்டுகளை எடைபோடலாம்.

அவ்வகையில் முதலிடம் 2019இல் வெளிவந்த 'கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்' என்னும் விளையாட்டுக்கே உரியது. 1946 முதலான கப்பல்கள், விமானங்கள், ராடார்கள், ஆயுதங்கள் பற்றிய பெரும் தரவுத்தளத்தின்மீது இயங்கும் இதில் காட்சி அழகு என்று ஏதுமில்லை. வரைபடத்தின்மேல் நகரும் குறியீடுகளே போர்க்களம். கண்டறியப்பட்ட பொருள் முதலில் வெறும் திசையாகவும், பின் ஐயத்துக்குரிய ஒரு பரப்பாகவும், இறுதியிலேயே பெயர் தெரிந்த கப்பலாகவும் தெளிவது இதன் சிறப்பு. ஒவ்வொரு கப்பலின் ராடாரையும் சோனாரையும், அதாவது ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவியையும், தனித்தனியே இயக்கவும் அணைக்கவும் முடிவதால், ஷெஃபீல்டின் நிலையை ஆடுபவரே முடிவெடுத்து அனுபவிக்கலாம். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை பொறுமை. கட்டளைப் பட்டியல்கள் அடுக்கடுக்காக விரிவதால், பயிற்சி ஆட்டங்களைத் தவிர்த்துவிட்டு நேரே பெரிய போருக்குள் நுழைபவர் விமானங்கள் ஏன் தரையைவிட்டு எழவில்லை என்று தேடுவதிலேயே மாலைப்பொழுதைக் கழிக்க நேரும்.

கண்ணால் காணும் இன்பத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவருக்கு 2024 நவம்பரில் முன்னோட்ட வடிவில் வெளியான 'சீ பவர்' பொருந்துகிறது. பனிப்போர்க் காலக் கப்பலணிகளை முப்பரிமாணக் காட்சியில் நடத்தும் இவ்விளையாட்டிலும் ராடாரை இயக்குவது பற்றிய இக்கட்டு உண்டு. எனினும் அலைகளை உரசி வரும் ஏவுகணையைக் கேமராவால் பின்தொடரும் ஆசை, வரைபடத்தைப் பார்த்துச் சிந்திக்க வேண்டிய நேரத்தை விழுங்கிவிடுகிறது. இக்குறையைப் பலர் குறையாகவே கருதமாட்டார்கள் என்பதும் உண்மை.

நீர்மூழ்கிக் கப்பலைத் தேர்பவருக்கு அறியாமையின் தன்மையே மாறிவிடுகிறது. அங்கே ஆழத்தில் பார்வைக்கு இடமில்லை. கேட்பதே முதன்மை வழி, அதுவும் எதிரி எத்திசையில் உள்ளான் என்பதை மட்டுமே தரும், தொலைவைத் தராது. திசை மாறும் வேகத்தைக் கொண்டு தொலைவையும் போக்கையும் வேகத்தையும் கணித்தெடுப்பதே இலக்கு இயக்கப் பகுப்பாய்வு எனப்படும் கலை. 2017இல் வந்த 'கோல்டு வாட்டர்ஸ்' இக்கணிப்பை மாலுமிகளிடம் ஒப்படைத்து, அதன் நம்பகத்தன்மையை விழுக்காடாக மட்டும் காட்டுவதால், ஆடுபவர் எப்போது டார்பிடோவைச் செலுத்துவது, நீரின் வெப்பநிலை சட்டென மாறும் அடுக்குக்குக் கீழே எப்போது ஒளிந்துகொள்வது என்னும் முடிவுகளில் ஈடுபடுகிறார். 2005இல் வெளிவந்த 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்' அதே கணிப்பை ஆடுபவரே கோடு கோடாகப் பொருத்திச் செய்யும் வாய்ப்பையும் அளிக்கிறது. ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல், கடற்கண்காணிப்பு விமானம், ஹெலிகாப்டர் ஆகியவற்றையும் அதில் நடத்தலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு மோதல் முடிய வேண்டும் என்போர் முன்னதையும், ஒலியலைக் கோடுகளைப் பொறுமையாக நோக்குவதிலேயே மகிழ்ச்சி காண்போர் பின்னதையும் நாடலாம். தொடக்க நிலையினருக்கு 'கோல்டு வாட்டர்ஸ்' மேலானது என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. அதில் தோற்பதற்கான காரணம் பெரும்பாலும் விளங்கிவிடுகிறது.

விமானந்தாங்கிக் கப்பல்களின் போரில் தேர்வு வேறொரு கேள்வியைச் சார்ந்தது: ஆடுபவர் யாருடைய நாற்காலியில் அமர விரும்புகிறார்? 1942 ஜூன் 4 அன்று மிட்வே தீவருகே, ஜப்பானின் டோனே கப்பலின் தேடுவிமானம் ஏறத்தாழ அரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டதும், அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று அருகில் இருப்பதை 8.20 மணியளவில்தான் அது அறிவித்ததும், தீவைத் தாக்கக் குண்டேந்துவதா, கப்பல்களைத் தாக்க டார்பிடோ ஏந்துவதா என்ற குழப்பத்தில் ஜப்பானியத் தளபதி நகுமோவை ஆழ்த்தின; 10.20 மணிக்குப் பின் சில நிமிடங்களில் அவருடைய நான்கு விமானந்தாங்கிகளுள் மூன்று தீப்பற்றின. 2009இல் வெளிவந்த 'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' இக்குழப்பத்தைத் தருவதில்லை. அதில் ஒரு முறை என்பது ஒரு நாள்; தேடுவிமானங்களின் திசையையும் கப்பலணியின் பணியையும் குறித்துவிட்டால், மோதலைக் கணினியே நடத்தி முடித்து அறிக்கை தருகிறது. இது தொலைவில் அமர்ந்து செய்திக்குக் காத்திருந்த அமெரிக்கத் தளபதி நிமிட்ஸின் இடம். நகுமோவின் இடத்தை விரும்புவோர் 1984இல் தோன்றி 2007இல் புதுப்பிக்கப்பட்ட 'கேரியர்ஸ் அட் வார்' பக்கம் திரும்ப வேண்டும். அங்கே தாக்குதல் அணியை எப்போது அனுப்புவது என்பது ஆடுபவரின் கையில் உள்ளது. முந்தையதில் முழுப் பசிபிக் போரையும் நாள்தோறும் ஆடி முடிப்பது, மின்னஞ்சல் வழியே ஓர் எதிராளியுடன் எனில், ஆண்டுக்கணக்கில் நீளும் திருமணத்துக்கு ஒப்பானது. ஆகவே அதிலேயே அடங்கிய கோரல் கடல், குவாடல்கனால் போன்ற சிறு போர்ச்சூழல்களோடு தொடங்குவது அறிவுடைமை.

பீரங்கிக் கப்பல்களின் காலத்துக்கு 2023இல் வந்த 'ரூல் த வேவ்ஸ் 3' போதுமானது. 1890 முதல் 1970 வரை ஒரு நாட்டின் கடற்படையைக் கட்டியெழுப்பி, தாமே வடிவமைத்த கப்பல்களைக் கொண்டு போரிடச் செய்யும் இதில், கணக்கேடு போன்ற திரைகள் பலரை விரட்டிவிடும். 1916 மே 31 அன்று ஜட்லாந்துக் கடற்போரில் புகையும் மங்கலான வானிலையும் ஜெர்மன் அணி எங்கே என்பதைப் பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிக்கோவிடமிருந்து மறைத்ததைப் போன்ற நிலையை உணர விரும்புவோர், தாம் நேரடியாகக் கட்டளையிடக்கூடிய பிரிவுகளைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்; எல்லாக் கப்பல்களையும் ஒரே கை நகர்த்தினால் அந்த உணர்வு கிட்டாது.

விளையாட்டு முடிவான பின் போர்ச்சூழலைத் தேர்வதிலும் கவனம் தேவை. 'கமாண்ட்' ஒவ்வொரு போர்ச்சூழலுக்கும் கடினம், சிக்கல் என இரு தனி மதிப்பீடுகளைத் தருகிறது. கடினம் வெல்வதன் அருமையையும், சிக்கல் ஒருசேரக் கையாள வேண்டிய படைப்பிரிவுகளின் மிகுதியையும் குறிப்பதால், தொடக்கத்தில் சிக்கல் குறைந்ததைத் தேர்ந்து, கடினம் சற்று மிகுந்திருந்தாலும் பொருட்படுத்தாமல் விடலாம். ஒரு ஃபிரிகேட்டும் ஒரு நீர்மூழ்கியும் மட்டுமே இடம்பெறும் ஆட்டம், நூறு விமானங்கள் பறக்கும் ஆட்டத்தைவிட மிகுதியாகக் கற்பிக்கும். ஆட்டம் முடிந்ததும் அதே போர்ச்சூழலைத் தொகுப்பு நிலையில் திறந்து, இரு தரப்பையும் ஒருங்கே காட்டும் பார்வையை இயக்கினால், வெற்றிடம் என்று கருதிக் கடந்துபோன நீர்ப்பரப்பில் எதிரி எங்கே காத்திருந்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த முறை தேடுவிமானத்தை எத்திசையில் அனுப்புவது என்று திட்டமிடலாம்.