செத்த எலியும் தெள்ளுப்பூச்சியும்: பிளேக் பரவும் விதம்

வீட்டில் எலி செத்துக் கிடந்தால், வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிவது நம்மில் பலருடைய வழக்கம். பிளேக் நோயைப் பொறுத்தவரை, உயிருள்ள எலியைவிடச் செத்த எலியே அதிக ஆபத்தானது. அதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று.

1894-இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அதன் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தார். ஆயினும், அது மனிதரை எவ்வாறு வந்தடைகிறது என்பது விளங்கவில்லை. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், தெள்ளுப்பூச்சிகள் மொய்த்த நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் வைத்தார். நலமான எலியொன்றைக் கம்பிவலைக் கூண்டில் அதனருகே வைத்தார். எலிகள் ஒன்றையொன்று தொட இயலாது. பூச்சிகள் மட்டுமே தாவ இயலும். சில நாள்களில் நலமாயிருந்த எலியும் பிளேக்கால் இறந்தது.

நோயுற்ற எலியின் இரத்தத்தை உறிஞ்சிய பூச்சியின் உள்ளே கிருமிகள் பெருகி, இரைப்பைக்குச் செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன. இரத்தம் உள்ளே இறங்காததால், பூச்சி தீராப் பசியுடன் மீண்டும் மீண்டும் கடிக்கிறது. அப்போது உறிஞ்சிய இரத்தம் கிருமிகளுடன் எதுக்களித்துக் கடிவாய்க்குள் புகுகிறது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும், பூச்சி வெப்பமான வேறோர் உடலை நாடித் தாவுகிறது. அவ்வுடல் மனிதருடையதாகவும் இருக்கலாம்.

கடிபட்ட சில நாள்களில் கடுங்காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி ஆகியவை தோன்றும். தொடையிடுக்கு, அக்குள் அல்லது கழுத்தில் வலியுடன் நெறி கட்டும். இவ்வகை பிளேக் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தொற்றுவதில்லை. நுரையீரலைத் தாக்கும் வகையோ இருமல் வழியே பரவும். சிகிச்சையின்றேல் உயிரைப் பறிக்கும்.

நம் நாட்டில் இந்நோய் இன்று மிக அரிது. எனவே, நெறி கட்டிய ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் எலிகள் கூட்டமாக மடிந்தால் சுகாதாரத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். வெறுங்கையால் அவற்றைத் தொடாதீர்கள். அத்தகைய இடங்களில் முதலில் பூச்சியையும், பின்னரே எலியையும் ஒழிக்க வேண்டும். முறை மாறினால் பசித்த பூச்சிகள் மனிதரை நாடும்.

அதன்பின் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், எலிகள் மடிந்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் பிளேக்கைக் குணப்படுத்த வல்லவை. தொடக்கத்திலேயே அளித்தால்தான் அவை உயிரைக் காக்கும்.