கணினி வகுப்பில் எல்லோர் கையும் உயரட்டும்

மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. ஆய்வகத்தில் ஒரு கணினியைச் சுற்றி மூன்று அல்லது நான்கு மாணவர்கள் இருப்பார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடை திரையில் வந்ததும் நால்வரும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். செய்முறைத் தேர்வில் நால்வருமே நல்ல மதிப்பெண் பெறவும் கூடும். ஆனால், நிரலில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்து, “இப்போது வெளியீடு என்ன?” என்று கேட்டால் பதில் சொல்பவர் பெரும்பாலும் ஒருவர்தான்.

இந்த இடைவெளியின் விளைவு பள்ளியோடு நிற்பதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. இவர்களுக்கான கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் பலர் பொறியியல் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிமுறைப்படி, முதல் பருவத்திலேயே எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் பைத்தான் நிரலாக்கம் ஒரு பொதுப் பாடமாக இருந்தது. கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் எடுத்தவர்களும் அதைக் கடந்தே ஆக வேண்டியிருந்தது. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருப்பதும் அதே பைத்தான்தான். இங்கே புரிந்து படித்தவருக்கு அங்கே முதல் பருவம் எளிதாகிறது. மனப்பாடம் செய்து கடந்தவருக்கோ முதல் நிலுவைத் தாள் அங்கேதான் தொடங்குகிறது.

கூடுதல் கணினியோ கூடுதல் நிதியோ இல்லாமல், இருக்கும் பாடவேளைக்குள் எல்லா மாணவர்களையும் பங்கேற்க வைக்கும் சில வழிகளை இங்கே பகிர்கிறேன். உலகின் பல இடங்களில் ஆராயப்பட்ட முறைகள் இவை. நம் வகுப்பறைக்கு ஏற்றபடி சிறிது மாற்றிக்கொண்டால் போதும்.

1. எழுதும் முன் வாசிக்கட்டும்

மொழிப்பாடத்தில் வாசிக்கக் கற்ற பிறகே குழந்தை கட்டுரை எழுதுகிறது. நிரலாக்கத்தில் மட்டும் முதல் நாளே எழுதச் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் சூ சென்டன்சும் அவருடன் பணியாற்றியவர்களும் வடிவமைத்த ‘பிரிம்’ என்ற முறை இந்த வரிசையைச் சரிசெய்கிறது. அதில் ஐந்து படிகள் உள்ளன: கணித்தல், இயக்குதல், ஆராய்தல், மாற்றுதல், உருவாக்குதல்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீட்டிலிருந்து கூட்டுறவுப் பால் சங்கத்துக்கு மூன்று நாள்களில் ஊற்றிய பால் 4, 6, 5 லிட்டர். மொத்தத்தைக் கணக்கிடும் நான்கு வரி நிரலைக் கரும்பலகையில் எழுதுகிறோம்:

பால் = [4, 6, 5]
மொத்தம் = 0
ஃபார் லி இன் பால்:
  மொத்தம் = மொத்தம் + லி

முதலில் யாரும் கணினியைத் தொடக் கூடாது. ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் ஓர் அட்டவணை போட்டு, மடக்கு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ‘மொத்தம்’ என்ற மாறியின் மதிப்பு என்ன என்று எழுத வேண்டும். 0, 4, 10, 15 என்று வரும். பிறகு இயக்கிப் பார்க்கலாம். அடுத்து ஆராய்தல்: “இரண்டாம் வரியை மடக்குக்குள் தள்ளி வைத்தால் என்ன ஆகும்?” ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் மீண்டும் 0 ஆகிவிடும், கடைசியில் 5 மட்டுமே மிஞ்சும். இதைத் தானே கண்டுபிடித்த மாணவருக்கு உள்தள்ளல் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மாற்றுதல் படியில் சராசரியைக் கேட்கலாம். லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்றால் கிடைக்கும் தொகையைக் கேட்கலாம். கடைசிப் படியில்தான் மாணவர் சொந்தமாக ஒரு நிரல் எழுதுகிறார்.

இங்கே ஒரு செய்தி. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ‘மொத்தம்’ என்று எழுதினாலும் நிரல் இயங்கும். ஃபார், இஃப் போன்ற சிறப்புச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தொடக்கப் பாடங்களில் இப்படிச் செய்தால், எது மொழியின் விதி, எது நாம் வைத்த பெயர் என்ற வேறுபாடு பார்த்தவுடன் புரியும். தேர்வுக்குப் பாடநூல் முறையிலேயே எழுதப் பழக்கிவிட வேண்டும்.

2. விரல் காட்டி வாக்களிக்கட்டும்

“புரிந்ததா?” என்று கேட்டால் வகுப்பே “புரிந்தது” என்று சொல்லும். உண்மை நிலையை அறிய அந்தக் கேள்வி உதவாது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய சகமாணவர் கற்பித்தல் முறை இதற்கு நல்ல மாற்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் நான்கு கணினிப் பாடங்களில் இம்முறையைப் பயன்படுத்தியபோது தோல்வி விகிதம் பாதிக்கும் மேலாகக் குறைந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

நடத்துவது எளிது. கரும்பலகையில் மூன்று வரிகள்:

அ = 5
ஆ = அ
அ = 10

இப்போது ‘ஆ’வின் மதிப்பு என்ன? (1) 5 (2) 10 (3) 15 (4) பிழை. மாணவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் சிந்திக்க வேண்டும். பிறகு ஆசிரியர் சொன்னதும், விடை எண்ணுக்கு ஏற்ப விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். அடுத்தவர் விடை தெரியாது. ஆசிரியருக்கு மட்டும் தெரியும். கணிதத்தில் சமக்குறி பழகிய மாணவர்கள் 10 என்று காட்டுவது இயல்பு. ஆசிரியர் உடனே விடையைச் சொல்லிவிடக் கூடாது. “பக்கத்தில் வேறு விடை காட்டியவரிடம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்” என்று இரண்டு நிமிடம் கொடுத்து, மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும். பைத்தானில் இந்தக் குறி ‘வலப்பக்க மதிப்பை இப்போது இடப்பக்கப் பெயருக்கு வை’ என்ற கட்டளை. பின்னால் ‘அ’ மாறினாலும் ‘ஆ’ 5ஆகவே இருக்கும். இந்த விளக்கம் பல நேரங்களில் மாணவர் வாயிலிருந்தே வந்துவிடும்.

இப்படி வாக்கெடுக்க ஏற்ற வேறு இரு இடங்கள்: ரேஞ்ச்(1, 5) எந்த எண்ணோடு நிற்கும் என்பது (4), விசைப்பலகையில் 5, 5 என்று உள்ளிட்டு அப்படியே கூட்டினால் 55 ஏன் வருகிறது என்பது. இன்புட் செயற்கூறு எதையும் சரமாகவே தரும் என்பதால் இரண்டாவதில் எண்கள் கூடாமல் ஒட்டிக்கொள்கின்றன.

3. காகிதத் துண்டுகளில் நிரல்

கணினி குறைவாக இருக்கும் பள்ளிக்கும், மின்தடை நாளுக்கும் ஏற்றது இது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கைச் சேர்ந்த டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006இல் வெளியிட்டதால் ‘பார்சன்ஸ் புதிர்’ என்று பெயர் பெற்றது. சரியான நிரலின் வரிகளை வெட்டிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வதுதான் முறை. கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமே போதும்.

பட்டியலில் உள்ள மிகப் பெரிய மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை ஐந்து துண்டுகளாக்கிக் கொடுக்கலாம்: முதல் மதிப்பெண்ணைப் ‘பெரியது’ என்று வைத்தல், மடக்கு, ஒப்பீடு, மதிப்பை மாற்றுதல், அச்சிடுதல். துண்டுகளை மேலிருந்து கீழாக அடுக்குவதோடு, உள்தள்ளலுக்கு ஏற்ப வலப்பக்கம் நகர்த்தியும் வைக்க வேண்டும். அச்சிடும் துண்டை மடக்குக்குள் நகர்த்திய குழு இருந்தால், அதைத் தவறு என்று சொல்லாமல், “இப்படி வைத்தால் எத்தனை முறை அச்சாகும்?” என்று கேட்கலாம். பிறகு ஒரு கேள்வி: “மிகச் சிறிய மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க, தொடக்க மதிப்பை 0 என்று வைத்தால் என்ன?” எல்லா மதிப்பெண்ணும் 0 அல்லது அதற்கு மேல் என்பதால் விடை எப்போதும் 0 என்றே வரும். தொடக்க மதிப்பின் முக்கியத்துவம் அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிடும்.

தட்டச்சு மெதுவாக வரும் மாணவர், ஆங்கில எழுத்துப்பிழைக்கு அஞ்சும் மாணவர் ஆகியோருக்கு இது பெரிய விடுதலை. சிந்தனைக்கு மட்டுமே இங்கே வேலை.

4. ஓட்டுநரும் வழிகாட்டியும்

ஆய்வகத்தில் இருவர் சேர்ந்து ஒரு நிரலை எழுதும் இணை நிரலாக்கம், மென்பொருள் நிறுவனங்களிலேயே உள்ள வழக்கம். விசைப்பலகை ஓட்டுநர் கையில் இருக்கும். அடுத்து என்ன எழுத வேண்டும் என்று சொல்வது வழிகாட்டியின் பொறுப்பு. வழிகாட்டி சொல்லாததை ஓட்டுநர் தட்டச்சு செய்யக் கூடாது. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மணியடித்தால் இடம் மாற வேண்டும். மூவர் இருந்தால், மூன்றாமவர் அட்டவணையில் மாறிகளின் மதிப்பைக் குறித்துவரும் கணக்கராக இருக்கலாம்.

மணி முக்கியம். அது இல்லாவிட்டால் விசைப்பலகை மீண்டும் ஒரே கைக்குப் போய்விடும். இருபாலர் பள்ளிகளில் அந்தக் கை பெரும்பாலும் யாருடையது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். வீட்டில் கைப்பேசியும் கணினியும் முதலில் மகனுக்குக் கிடைப்பதால் வரும் பழக்கத்தைத் திறமை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களுள் பெண்கள் 7 விழுக்காடு மட்டுமே. முன் அனுபவத்தைத் திறமையாகக் கருதும் போக்கை மாற்றி, அனுபவம் இல்லாதவர்களுக்கும் ஏற்றபடி சேர்க்கையையும் முதலாண்டுப் பாடங்களையும் திருத்தியமைத்த பிறகு, 2000இல் அது 42 விழுக்காடு ஆனது. மாறியவை நிறுவனத்தின் நடைமுறைகளே.

5. வகுப்பறையே கணினி

வரிசையாக்கம், தேடல் போன்ற நெறிமுறைகளுக்குக் கணினியே தேவையில்லை. எட்டு மாணவர்களை உயர வரிசை இல்லாமல் நிற்க வைத்து, அடுத்தடுத்த இருவரை மட்டும் ஒப்பிட்டு இடம் மாற்றினால் குமிழி வரிசையாக்கம் கண்முன் நடக்கும். முதல் சுற்றில் 7 ஒப்பீடுகள். சுற்றுக்கு ஒன்று குறைந்து மொத்தம் 28. எண்ணும் பொறுப்பை உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் கொடுக்கலாம். அகரவரிசையில் உள்ள 40 பெயர் கொண்ட வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைத் தொடர் தேடலில் தேடினால் அதிகபட்சம் 40 ஒப்பீடுகள் வேண்டும். இருமத் தேடலில் 6 போதும். இந்த எண்களைத் தாமே கண்டவர்கள் தேர்வில் விளக்கம் எழுதத் திணறுவதில்லை.

பிழைச் செய்தியைப் படிக்கப் பழக்குவோம்

திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தவுடன் “டீச்சர், வரலை” என்று குரல் வரும். செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்கக் கற்றுக்கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆய்வகச் சுவரில் ஒரு சிறு விளக்கப்படம் போதும். நேம்எரர்: இந்தப் பெயரில் எதுவும் இல்லை, எழுத்தைச் சரிபார். இன்டென்டேஷன்எரர்: உள்தள்ளலைப் பார். டைப்எரர்: சரத்தையும் எண்ணையும் கலந்துவிட்டாயா? சின்டாக்ஸ்எரர்: அடைப்புக்குறி, முக்காற்புள்ளி விட்டுப்போனதா? ஆசிரியரை அழைக்கும் முன், கடைசி வரியை உரக்கப் படித்துத் தமிழில் பொருள் சொல்ல வேண்டும் என்பதை வகுப்பு விதியாக்கலாம்.

பாடத்தை முடிக்க நேரம்?

நியாயமான கேள்விதான். 45 நிமிடப் பாடவேளையில் ஒரு வாக்கெடுப்புக்கு ஆறு நிமிடமும், கணித்தல் அட்டவணைக்குப் பத்து நிமிடமும் போதும். எல்லா முறைகளையும் எல்லா நாளும் செய்ய வேண்டியதில்லை. கருத்துப் பாடங்களுக்கு வாக்கெடுப்பு, நிரல் பாடங்களுக்குக் கணித்தல் அல்லது காகிதத் துண்டு, ஆய்வகத்துக்கு இணை நிரலாக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வில் வெளியீட்டைக் கேட்கும் வினாக்களுக்கும் நிரல் எழுதும் வினாக்களுக்கும் இதுவே பயிற்சி. திருப்புதல் நேரத்தில் அந்த நிமிடங்கள் நமக்குத் திரும்பக் கிடைக்கும்.

பயன் இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி: வகுப்புப் பெயர்ப் பட்டியலின் நகலில், அந்த வாரம் காரணம் சொல்லிப் பேசிய மாணவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். விடை சரியா தவறா என்பது இங்கே கணக்கில்லை. வாரக் கடைசியில் புள்ளி இல்லாத பெயர்கள் எவை என்று தெரிந்துவிடும். அடுத்த வாரத்தின் முதல் வழிகாட்டிப் பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள்.

நம்மிடம் படித்த ஒரு மாணவி நாளை பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் புதிய மாணவர்களுக்கு நடுவே அமரப்போகிறாள். அங்கே திரையில் பிழை வரும்போது, அதைப் படித்து, காரணத்தைத் தேடி, தானே திருத்தும் துணிவு அவளுக்கு வேண்டும். அந்தப் பழக்கத்தை நம் பாடவேளைகளிலேயே தொடங்கிவிட முடியும். வரும் வாரம் ஒரே ஒரு வாக்கெடுப்புக் கேள்வியோடு தொடங்கிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் கிடைத்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களுடன் குறுவளமையக் கூட்டங்களில் பகிருங்கள்.