தோட்டத்திலிருந்து மருத்துவத்துக்கு வந்த சொல்

கேள்வி: ‘இனாகுலேஷன்’ என்னும் சொல்லின் மூலப்பொருள் யாது? அதுவும் தடுப்பூசியும் ஒன்றா?

பதில்: இலத்தீனில் ‘ஓக்குலுஸ்’ என்பது கண்ணையும், கரும்பின் கணுவிலுள்ள முளையைத் தமிழர் கண் என்பது போலவே, செடியின் மொட்டையும் குறிக்கும்; அதன்வழிப் பிறந்த இச்சொல், ஒரு மரத்தின் மொட்டைப் பட்டையோடு சீவியெடுத்து, இன்னொன்றின் பட்டைக் கீறலுக்குள் செருகிக் கட்டும் ஒட்டு முறைக்கே முதலில் வழங்கிற்று. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழை நலமாயிருப்பவரின் தோல் கீறலில் வைத்து, மிதமான நோயை வருவித்து, கடும் நோயிலிருந்து காக்கும் துருக்கி வழக்கத்தை விவரித்த இம்மானுவேல் டிமோனியின் கடிதம் 1714இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் வெளிப்பட்ட காலத்தில், தோட்டக்காரரின் சொல் மருத்துவருடையதாயிற்று. கீறிச் செருகும் செய்கை இரண்டுக்கும் பொதுவாதலின் அது பொருத்தமான இரவலே. கான்ஸ்டாண்டிநோபிளில் 1718இல் மகனுக்கு இதைச் செய்வித்த மேரி வோர்ட்லி மாண்டகு, 1721இல் இலண்டனில் மகளுக்கும் செய்வித்தார். எனினும் இம்முறையால் சிலர் மாண்டனர். குத்திக்கொண்டவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவவும் செய்தது.

எட்வர்ட் ஜென்னர் 1796இல் பெரியம்மைச் சீழுக்கு மாற்றாகப் பசு அம்மைச் சீழைக் கையாண்டார். பசுவைக் குறிக்கும் ‘வாக்கா’ என்னும் இலத்தீன் சொல்லே ‘வாக்சின்’ என்பதன் வேர். இன்று இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கினும், ஜென்னருக்கு முந்தைய நூல்களில் ‘இனாகுலேஷன்’ என வருமிடத்தில் வாசகர் தடுப்பூசி எனக் கொள்ளலாகாது.